ஏழரை: மேடைப் பதிவு

தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க போன்ல அந்தப் படம் தெரிஞ்சுது, அதான் கேக்குறேன். மஞ்சள் அட்டை, ஏழு கறுப்புக் கோடு, ஓரத்துல பாதிக் கோடு. 'ஏழரை'தானே கேக்குறீங்க? மேடையில பதிவு பண்ணது?

ஆமாவா! பாருங்களேன். ஈரோடு போற ரயில்ல, அதுவும் உங்க வயசுப் பிள்ள.

அந்த அட்டையோட பின்பக்கம் நாலு பேர் நிப்போம். சேலை கட்டிக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு, ஒரு பொம்பள இருப்பா பாருங்க. நான்தான் அது. பியூலா. கீபோர்டு. நம்பலேன்னாலும் பரவால்ல, இப்ப இருக்கிற இந்த உடம்பப் பாத்தா எனக்கே நம்ப முடியல. ஆனா நீங்க இப்பக் கேட்டுக்கிட்டிருக்கீங்களே, அந்தப் பெரிய உருப்படி, அது நான் கட்டுனது. நான். முகுந்தன் இல்ல. எல்லாரும் முகுந்தன்னு நினைக்கிறாங்க, அவன் கிதார்தானே முன்னாடி நிக்குது. நான் குறை சொல்றதா நினைக்காதீங்க. இருக்கிறதச் சொல்றேன்.

அந்தக் காலத்துல மெட்ராஸ்ல இந்த மாதிரி வாசிச்சவங்க எத்தனை பேர் இருப்பாங்க? ஜாஸும் ராக்கும் கலந்து, நடுவுல நம்ம தாளத்தப் போட்டு. பாடறவங்களே கிடையாது. 'வாயத் திறக்காம என்னடி கச்சேரி'ன்னு எங்கம்மா கேக்கும். முகுந்தன் திருவல்லிக்கேணி. வீட்டுல வீணை வாசிச்ச கையி, கிதாருக்கு வந்துச்சு. பேஸ் கிதார் நவ்ஷாத், பாவம், பேசவே மாட்டான். டிரம்ஸ் என் தம்பி சைலஸ். நாங்க பெரம்பூர். நான் பள்ளிக்கூடத்துல மியூசிக் டீச்சர், ஞாயித்துக்கிழமை கோயில்ல ஆர்கன்.

பேரு வந்ததே என் உருப்படியாலதான். ஏழு தட்டு, அப்புறம் ஒரு அரைத் தட்டு, அப்படிச் சுத்தும். நொண்டி ஓடற மாதிரி இருக்கும், ஆனா விழாது. அதையே குழுவுக்குப் பேரா வச்சோம். 'ஏழரையப் போய் எவனாவது கூப்பிட்டு வீட்டுல வைப்பானா'ன்னு முகுந்தனோட அப்பா கத்தினாரு. நான் சிரிச்சேன். நாங்க கிறிஸ்தவங்க, எங்களுக்குச் சனி ஏது.

அந்த வருஷம்தான் பம்பாய் ரெக்கார்டு கம்பெனி ஒண்ணு வந்துச்சு. எங்க கேசட் எப்படியோ அவங்க கைக்குப் போயி, மேடையிலயே பதிவு பண்றோம்னாங்க. எழும்பூர்ல ஒரு ஹால். ஒரே சாயங்காலம். மிஷின எல்லாம் வேன்ல கொண்டாருவாங்க, பதிவு பண்ணுவாங்க, போயிடுவாங்க. தப்புனா தப்புனதுதான்.

அந்த நேரம் பாத்துத்தான் சைலஸுக்குக் காதுல கோளாறு வந்துச்சு.

முதல்ல நான்தான் கண்டுபிடிச்சேன். சாப்பாட்டு மேஜையில வலது பக்கம் உக்காந்து கூப்பிட்டா திரும்ப மாட்டான். கூட்டிக்கிட்டு நான்தான் டாக்டர்கிட்டப் போனேன். அவன் பொண்டாட்டி நிர்மலாவுக்குக்கூடச் சொல்லல, அவ அப்ப மாசமா இருந்தா, பயந்துடுவா. டாக்டர் என்னைத் தனியா உக்கார வச்சுச் சொன்னாரு. வலது காது போயிடுச்சும்மா. இடது காது ஒரு நூல்ல நிக்குது. டிரம்ஸ், பெரிய பெரிய ஸ்பீக்கர், இதையெல்லாம் இன்னையோட விட்டுடணும், இன்னொரு பெரிய சத்தத்த அந்தக் காது தாங்காதுன்னாரு.

டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி. எனக்கு மணிக்கட்டு வலிச்சப்போ இனிமே கீபோர்டத் தொடாதீங்கன்னாரு ஒருத்தர். நான் இன்னைக்கும் வாசிக்கிறேன்.

வெளிய வந்து பஸ் ஸ்டாப்புல நிக்கிறோம். சைலஸ் கேட்டான், "அக்கா, நான் நிறுத்திடட்டுமா?"

"நிறுத்து. யாரு வேணாங்கிறா? பதிவு முடியட்டும், நிறுத்து."

"டாக்டர் இன்னையோடன்னாரே."

"ஒரு சாயங்காலம்தானடா. ஒரே ஒரு சாயங்காலம். அப்புறம் நீ காலம் பூரா சும்மா இரு."

பதில் சொல்லல. பஸ் வந்துச்சு, ஏறுனோம். சரின்னுதானே அர்த்தம்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. நான் என்ன கையக் காலையா கட்டி வச்சேன்?

வீட்டுக்கு வந்ததும் பைபிள் மேல கை வச்சு ஒரு சத்தியம் வாங்கினேன். முகுந்தன்கிட்ட இதப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு. ஏன்னா எனக்கு அவனத் தெரியும். காது போச்சுன்னு தெரிஞ்சா மறுநாளே வேற டிரம்ஸ்காரனக் கொண்டாந்து உக்கார வச்சிடுவான். என் தம்பி வாசிச்சு வளத்ததுல வேற எவனோ வந்து உக்காருறதா? அவன் நல்லதுக்குத்தான் வாங்கினேன்.

அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். என் கீபோர்ட அவனுக்கு நேரா பாக்குற மாதிரி போட்டுக்கிட்டேன். நான் தாடையத் தூக்குனா அடுத்த பகுதிக்கு மாறணும். இடது கைய மேல எடுத்தா முடிக்கணும். தாளம் அவன் உடம்புக்குள்ளயே ஓடும், அதுக்குக் காது வேண்டாம். மாத்துற எடம் மட்டும்தான் தெரியணும். வீட்டுல கதவச் சாத்திக்கிட்டுப் பழகினோம். குழுவுல ஒருத்தருக்கும் தெரியாது. அப்படித்தான் நான் நினைச்சிருந்தேன்.

அதே நேரத்துல முகுந்தனோட போக்கு மாறிப்போச்சு. எப்பவும் ஜன்னல் அதிர வாசிக்கிறவன், பயிற்சியில சத்தத்தக் குறைச்சு வச்சுக்கிட்டு வாசிக்கிறான். கேட்டா, 'பக்கத்து வீட்டுல திட்டுறாங்க'ங்கிறான். என்னைக்குடா நீ பக்கத்து வீட்டுக்காரனப் பத்திக் கவலைப்பட்ட? அப்புறம் ஒரு நாள் வந்து சொல்றான்:

"பியூலா, உன் உருப்படியச் சின்னதா வச்சுக்கலாம். மொத்த மெட்டும் ரெண்டு சுத்து வாசிச்சாப் போதும். நிறுத்திடலாம்."

"ஏன்?"

"சனங்களுக்கு அலுப்புத் தட்டும்."

"உன் கிதார் தனி ஆவர்த்தனம் அரை மணி நேரம் ஓடுதே, அதுல தட்டாத அலுப்பு என்னோடதுல தட்டுமா?"

"அதையும் குறைச்சுக்கிறேன். எல்லாத்தையும் குறைச்சுக்கலாம். சொன்னாக் கேளு."

நான் கேக்கல. எப்படிக் கேப்பேன்? எனக்கு அப்ப முப்பத்தஞ்சு தாண்டியாச்சு. கல்யாணம் காட்சி ஒண்ணும் இல்ல. நான் கட்டுனது ஒண்ணே ஒண்ணு, அதப் பதிவு பண்ண பம்பாய்லேருந்து வர்றாங்க, அதைப் போயி ரெண்டு சுத்துல நறுக்குறதா? பொறாமைன்னு நினைச்சேன். இன்னைக்கும் அதான் நினைக்கிறேன்.

அந்தச் சாயங்காலம் ஹாலுக்குள்ள போறேன், மேடையப் பாக்குறேன்.

டிரம்ஸச் சுத்திப் பலகை. ஆள் உசரத்துக்குப் பிளைவுட் பலகை, அதுல கம்பளிய ஒட்டி, மூணு பக்கமும் நிறுத்தி வச்சிருக்காங்க. கிதாரோட பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒரு பக்கம், பலகைக்கு அந்தப் பக்கம் சைலஸ். இந்தப் பக்கம் நான். அவன் தலைமுடிகூடத் தெரியல. நான் தாடையத் தூக்குனா யாரு பாக்குறது?

பம்பாய்க்காரரு ஒருத்தரு வயர் இழுத்துக்கிட்டிருந்தாரு. "இத எடுங்க"ன்னேன். "ஒரு வாத்தியத்தோட சத்தம் இன்னொரு மைக்குல விழாம இருக்கும்மா, நல்லதுதான். அதுவும் முகுந்தன் சார்தான் கேட்டு வாங்குனாரு"ன்னாரு.

முகுந்தன் சார்! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. திரை ஓரத்துல நின்னு கிதார்க் கம்பிய முறுக்கிக்கிட்டிருந்தான். ஹால்ல ஆளுங்க வந்து உக்கார ஆரம்பிச்சுட்டாங்க, மெதுவாத்தான் பேச முடியும்.

"பலகைய எடுக்கச் சொல்லு."

"இருக்கட்டும் பியூலா."

"எனக்குச் சைலஸத் தெரியணும்."

"எதுக்கு? இத்தன வருஷமா பாத்துக்கிட்டா வாசிச்சீங்க?"

என்ன சொல்லுவேன்? சொல்ல முடியுமா? அவன் என் மூஞ்சியையே பாக்குறான். ஏதோ சொல்ல வர்ற மாதிரி வாயத் திறந்தான், மூடிக்கிட்டான். நானும் மூடிக்கிட்டேன்.

"எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

"பலகை இருக்கட்டும். உன் கால்ல வேணா விழறேன், இது ஒண்ண மட்டும் விட்டுடு."

முகுந்தன் அப்படிப் பேசுற ஆளே இல்ல தம்பி. அதக் கேட்டதும்தான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாச்சு. என்னமோ திட்டம் போட்டுட்டான், என் உருப்படிய நடுவுல அறுத்துவிடப் போறான், என் தம்பிக்கு அது தெரியக் கூடாதுன்னுதான் பலகைன்னு பட்டுச்சு. சொல்லிட்டேன்: "பலகை இருந்தா நான் மேடை ஏறமாட்டேன். கீபோர்டு இல்லாம நீயே பதிவு பண்ணிக்க."

சைலஸ் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தான். எவ்வளவு கேட்டுச்சோ தெரியாது, எங்க வாயப் பாத்துக்கிட்டிருந்தான். முகுந்தன் அவனப் பாத்தான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டாங்க. அப்புறம் சைலஸ் சொன்னான், "அக்கா சொல்றபடி விட்டுடு முகுந்தா."

"டேய்..."

"விடு. பாத்துக்கலாம்."

அவனே சொன்னான் பாத்தீங்களா? அவன் வாயால சொன்னான். பலகைய எடுத்தாங்க. மூணையும்.

கச்சேரி ஆரம்பிச்சுது. முதல் மூணு உருப்படியும் நல்லாப் போச்சு. முகுந்தன் அடக்கித்தான் வாசிச்சான், ஆனா ஹால் நிறைஞ்சிருக்கு, பின்வரிசையிலேருந்து 'சத்தம் பத்தல, சத்தம் பத்தல'ன்னு கத்துறாங்க. பம்பாய்க்காரரும் ஓரத்துலேருந்து கையத் தூக்கித் தூக்கிக் காட்டுறாரு, கூட்டுங்கன்னு. கூட்டித்தான் ஆகணும். சைலஸுக்கு வேர்த்து ஊத்துது. ஒவ்வொரு மாத்துற எடத்துலயும் என் தாடையப் பாக்குறான், கரெக்டா வந்து விழறான். எனக்குப் பெருமையான பெருமை.

அப்புறம் என்னோடது. நீங்க கேட்டிருப்பீங்க. முதல்ல நான் தனியா, அப்புறம் பேஸ், அப்புறம் சைலஸ் அந்த அரைத் தட்டுல வந்து சேருவான். முதல் சுத்து முடிஞ்சுது. ரெண்டாவது சுத்து. திடீர்னு பாத்தா முகுந்தன் நவ்ஷாதுக்குத் தலையாட்டுறான். ரெண்டு பேரும் கைய எடுத்துட்டாங்க. சொன்ன மாதிரியே ரெண்டு சுத்துல நிறுத்திட்டான் துரோகி! எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. சைலஸும் குச்சியக் கீழ எறக்குறான்.

அவன் எப்படி எறக்கினான்? நான் கைய மேல எடுக்கலியே? அத அப்ப யோசிக்கல. ஒரு குழப்பத்துல எறக்கிட்டான்னு நினைச்சேன்.

சனங்களுக்கு ஒண்ணும் புரியல. தட்டுறதா வேண்டாமான்னு பாக்குறாங்க. பதிவு ஓடிக்கிட்டிருக்கு. என் வாழ்க்கையில ஒரு உருப்படி, அது இப்படிப் பாதியில செத்துக் கெடக்கணுமா? நான் இடது கையில அந்த ஏழரையப் புடிச்சேன். விடல. தாடையத் தூக்கினேன். சைலஸ் தலைய ஆட்டுறான், வேண்டாம்கிற மாதிரி. நான் மறுபடியும் தூக்கினேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பாக்காம இருந்துட்டா விட்டுடுவேனா? செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, பலகை மேடைதானே, ஓங்கி மிதிச்சேன். ஒவ்வொரு ஏழரையோட முதல் தட்டுக்கும் ஒரு மிதி. மேடை அதிருது, அவன் உக்காந்திருக்கிற முக்காலி அதிருது. கண்ண மூடிக்கிட்டா தெரியாம போயிடுமா?

அதுதான் நீங்க எல்லாரும் இப்போ கேட்டுக் கேட்டுக் காலத் தட்டுறீங்களே, அந்தச் சத்தம். டிரம்ஸுன்னு நினைச்சிருப்பீங்க. என் குதிகால் தம்பி அது.

வந்தான். வராம எங்க போவான்? குச்சிய எடுத்தான். அவன் அன்னைக்கு வாசிச்ச மாதிரி பூமியில எவனும் வாசிச்சதில்ல. வெறி புடிச்ச மாதிரி அடிச்சான். முகுந்தன் கொஞ்ச நேரம் சும்மாவே நின்னான். அப்புறம் அவனும் கிதாரப் புடிச்சான், அழுதுக்கிட்டே வாசிச்சான்னு நவ்ஷாத் சொல்லுவான், நான் அந்தப் பக்கம் பாக்கல. அது எவ்வளவு நேரம் போச்சுன்னு எனக்கே தெரியாது. இசைத்தட்டுல ஒரு பக்கம் முழுக்க அதுதான்.

அன்னையோட குழு கலைஞ்சு போச்சு. ஒரு சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. யாரும் கூப்பிடல, யாரும் போகல. சைலஸுக்கு இடது காது ரெண்டு மூணு நாள் கழிச்சுக் கொஞ்சம் திரும்பின மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதுவும் போயிடுச்சு. பொறக்கப் போற பிள்ளையோட சத்தத்தையாவது கேக்கணும்னு வேண்டிக்கிட்டோம். கர்த்தருக்குச் சித்தமில்ல. நிர்மலா அவனக் கூட்டிக்கிட்டு ஈரோட்டுக்கே போயிட்டா, அவங்க அப்பாவுக்குத் தறிப்பட்டறை. இப்ப அவன்தான் பாத்துக்கிறான். விசைத்தறி ஓடுற எடத்துல நம்மளால ஒரு நிமிஷம் நிக்க முடியாது. அவன் நாள் பூரா நிப்பான். கைய வச்சுப் பாத்தே எந்தத் தறி மக்கர் பண்ணுதுன்னு சொல்லிடுவானாம். பரவால்ல, ஒரு பொழப்பு.

எங்கிட்டப் பேசுறதில்லன்னு சொல்ல முடியாது. கிறிஸ்மஸுக்கு மெசேஜ் போடுவேன், 'சரிக்கா'ன்னு வரும். பொறந்தநாளுக்குப் போடுவேன், 'சரிக்கா'. அவன் சுபாவம் அப்படி.

இப்ப எதுக்குப் போறேன்னு கேக்குறீங்களா? போன மாசம் முகுந்தன் யூடியூப்ல ஒரு பேட்டி குடுத்திருக்கான். என் மாணவி ஒருத்தி அனுப்பினா. தாடியெல்லாம் நரைச்சுப்போயி உக்காந்துக்கிட்டுச் சொல்றான்: 'சைலஸ் எங்கிட்ட முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டான். அக்காவுக்குச் சத்தியம் பண்ணிட்டேன், நான் சொன்னத அவகிட்டக் காட்டிக்காதன்னு கெஞ்சினான். அந்தப் பலகைய அவன் காதுக்குத்தான் வச்சேன். என் ஸ்பீக்கரோட சத்தம் நேரா அவன் மேல விழாம இருக்கணும்னு. உருப்படிய ரெண்டு சுத்தோட நிறுத்துறதுன்னு நானும் அவனும் சேந்து பேசினதுதான்.'

இப்படிச் சொல்லியிருக்கான். கீழ எத்தனை பேர் என்னைத் திட்டி எழுதியிருக்காங்க தெரியுமா? அக்காவா அவ, அரக்கின்னு ஒருத்தன்.

நான் ஒண்ணு கேக்குறேன் தம்பி, நீங்களே நியாயம் சொல்லுங்க. முகுந்தனுக்குத் தெரியும்னா அன்னைக்கே எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? ஒருத்தன் உடம்பப் பத்தின விஷயம், அத மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு, அக்காக்காரிகிட்ட மறைக்கிறதா? என்ன மனுசங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் வேற மாதிரி ஆயிருக்குமே. மறைச்சது அவன், பழி எனக்கு.

அதான் நேர்லயே போறேன். வர்றேன்னு சொல்லல, சொன்னா நிர்மலா ஏதாவது காரணம் சொல்லுவா. அவன் முன்னாடி நின்னு, எழுதிக் காட்டியாவது கேக்கப் போறேன். நான் உன்னைக் கட்டாயப்படுத்தினேனாடான்னு. அவன் இல்லேன்னு சொல்லட்டும். அத அப்படியே போன்ல படம் புடிச்சுப் போட்டுடறேன், எல்லாரும் பாக்கட்டும். சொல்லுவான். ஏன் சொல்ல மாட்டான்?

அன்னைக்கு அவன் சந்தோஷமாத்தான் இருந்தான் தம்பி. அதுக்குச் சாட்சி அந்தப் பதிவுலயே இருக்கு. கடைசியில போடுங்க. நான் இடது கைய மேல எடுத்தேன், அவன் கடைசி அடிய அடிச்சான், ஹால் மொத்தமும் எழுந்துடுச்சு. அந்தக் கைதட்டலுக்கு உள்ள ஒரு குரல் வரும். 'ஒன்ஸ் மோர்'னு யாரோ கத்துறதா எழுதுறாங்க. இல்ல. சைலஸ் அது. எங்கிட்டத்தான் திரும்பிக் கேட்டான், மைக்குல விழுந்துடுச்சு. 'தட்டுறாங்களாக்கா?' அவ்வளவுதான். 'தட்டுறாங்களாக்கா?' நான் ஆமாம்னு தலைய ஆட்டினேன். அவன் சிரிச்சான். நான் பாத்தேன், சிரிச்சான்.

வந்துச்சா? அந்தக் குரல்ல வருத்தம் இருக்குதா? நீங்க அடிக்கடி கேக்குற ஆளு, உங்களுக்குத் தெரியும். இல்லைல்ல?

என்ன தம்பி, போனக் கீழ வச்சுட்டீங்க. இன்னொரு தரம் போடுங்க. சத்தத்த நல்லாக் கூட்டி வச்சுக் கேளுங்க.